மூன்று முதல் ஒன்பது வரை: ஷெல் ஸ்கிரிப்டில் ஃபைல் டிஸ்கிரிப்டரைத் திறப்பதும் சோதிப்பதும்

தரமணியில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மருந்துக்கடைக் குழுமத்துக்கு பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். சென்னைக்குள் 14 கடைகள். அடையாறு, அம்பத்தூர், ஆவடி என்று வரிக்கு ஒரு கடையாகப் பட்டியல் கோப்பு ஒன்று. ஸ்கிரிப்ட் அதை வரி வரியாகப் படிக்கும். அந்தந்தக் கடைக் கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழையும். அன்றைய விற்பனைக் கணக்கை இழுத்து வரும். தினமும் இரவு 2 மணிக்கு ஓடியது. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. முடியும்போது 0 என்ற எண்ணோடு, அதாவது 'எல்லாம் சரி' என்று சொல்லித்தான் முடிந்தது.

மூன்று வாரம் கழித்து பெரம்பூர் கடையில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பேக்கப்பை எடுக்கப் போனேன். அடையாறு மட்டும்தான் இருந்தது. மற்ற 13 கடைகளுக்கு ஒரு நாள் கணக்குகூட இல்லை.

என்ன நடந்தது? ஸ்கிரிப்ட் முதல் வரியைப் படித்து அடையாறுக்குள் நுழைந்தது. எஸ்எஸ்ஹெச், தன் உள்ளீட்டில் வருவதையெல்லாம் மறுமுனைக்கு அனுப்பும் வழக்கம் உள்ளது. அதன் உள்ளீடும் பட்டியல் கோப்பும் அன்று ஒரே குழாய். மிச்சம் 13 வரியையும் எஸ்எஸ்ஹெச் உறிஞ்சிக்கொண்டது. அடுத்த சுற்றில் படிக்க வரி இல்லாததால் சுற்று 'முடிந்தது'. ஃபைல் டிஸ்கிரிப்டரைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்திருந்தால் அந்தக் கடைக்காரரின் மூன்று வாரக் கணக்கு போயிருக்காது. புதிதாக ஷெல் ஸ்கிரிப்ட் எழுத வருபவர்களுக்கு இதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு சின்ன ஏற்பாடு. கட்டளைகளையும் மாறிகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். எக்ஸெக், எக்கோ, ரீட், /டெவ்/நல் என்று பார்த்தால் டெர்மினலில் அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். கடை, எண்ணிக்கை போன்ற மாறிகளுக்கு ஆங்கில எழுத்தில் நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். எண்களும் குறிகளும் இருக்கிறபடியே தட்ட வேண்டியவை. இந்தப் பாடத்தின் உயிரே அந்தக் குறிகளில்தான் இருக்கிறது.

முதலில், உங்கள் ஷெல் எது என்று பாருங்கள்

ஸ்கிரிப்டின் முதல் வரியில் /பின்/எஸ்ஹெச் என்று எழுதுகிறோம். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஷெல், அதாவது கட்டளைகளைப் படித்து ஓட்டும் புரோகிராம், ஊருக்கு ஊர் வேறு. உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து அது டேஷ். டெபியன் 2011-இல் வந்த 6-ஆம் பதிப்பில் அதே வழிக்கு மாறியது. ரெட் ஹேட் குடும்பத்தில் அது பேஷ். ஆல்பைன் கன்டெய்னருக்குள் பிஸிபாக்ஸ். மேக்கில் பேஷின் பழைய 3.2.

உங்கள் லேப்டாப்பில் பேஷில் ஓடிய ஸ்கிரிப்ட், சர்வரில் டேஷில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். எந்த ஷெல்லிலும் ஒரே மாதிரி ஓட வேண்டுமென்றால் யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொது விதித்தொகுப்பான போசிக்ஸ் தரம் உறுதி சொல்கிற வசதிகளை மட்டும் தொட வேண்டும். டேஷில் ஓட்டிப் பார்ப்பதுதான் அதற்கு எளிய உரைகல். உபுண்டுவிலும் டெபியனிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. மேக்கிலும் 2019-இல் வந்த கேடலினாவிலிருந்து கூடவே வருகிறது.

வெறும் இலக்கணச் சோதனை போதாது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு காட்டுகிறேன். வெளியீடு, பிழை இரண்டையும் ஒரே கோப்புக்கு அனுப்ப பேஷில் பலர் இப்படி எழுதுவார்கள்:

    கட்டளை &>பதிவு

டேஷ் இதை இரண்டாக உடைத்துப் படிக்கும்: 'கட்டளையைப் பின்னணியில் ஓடவிடு', பிறகு 'பதிவு என்ற கோப்பை வெறுமையாக்கு'. இலக்கணப்படி இரண்டுமே சரி. ஒரு எச்சரிக்கையும் வராது. பதிவுக் கோப்பு காலியாக இருக்கும், கட்டளை முடியும் முன்பே ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போயிருக்கும். எல்லா ஷெல்லிலும் ஓடும் வடிவம் இது:

    கட்டளை >பதிவு 2>&1

அந்த எண் என்னதான்?

நம் ஊர் அடுக்குமாடி வீட்டு மொட்டை மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர்த் தொட்டி ஒன்று, மெட்ரோ வாட்டர் தொட்டி ஒன்று. அவற்றிலிருந்து குழாய்கள் கிளம்பும்; ஒவ்வொரு வால்வுக்கும் பெயின்ட்டில் ஓர் எண். எண் என்பது வால்வின் அடையாளம் மட்டும். தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்பதை எண் சொல்லாது. பிளம்பர் வந்து 2-ஆம் வால்வை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால் எண் அதேதான், தண்ணீர் வேறு.

ஃபைல் டிஸ்கிரிப்டர் இந்த வால்வு எண்தான். ஒவ்வொரு புரோகிராமும் தொடங்கும்போது மூன்று வால்வுகள் தயாராக இருக்கும்: 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச் செய்தி. 2 எப்படி வந்தது என்பதில் ஒரு பழங்கதை உண்டு. பெல் லேப்ஸில் யூனிக்ஸ் வளர்ந்த காலத்தில் ஆவணங்களை ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். ஏதாவது தவறு நடந்தால் பிழைச் செய்தி திரையில் வராமல், விலை உயர்ந்த ஒளித்தாளில் அழகாக அச்சாகி வந்து நிற்கும். சில ஓட்டங்கள் இப்படி வீணான பிறகுதான் பிழைக்கென்று தனி வழி வைத்தார்கள்.

2>&1 என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் '2-ஐ 1-உடன் கட்டிவிடு' என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. '1 இந்த நொடியில் எந்தத் தொட்டியோடு இணைந்திருக்கிறதோ, 2-ஐயும் அதே தொட்டியோடு இணை' என்பதே பொருள். பிறகு 1-ஐ மாற்றினால் 2 கூடவே மாறாது. ஷெல் இடமிருந்து வலமாக வேலை செய்யும். ஆகையால்

    கட்டளை 2>&1 >பதிவு

என்று எழுதினால் பிழைகள் திரைக்கே போகும். 2-ஐ இணைத்தபோது 1 திரையில்தான் இருந்தது. இந்த ஒரு வரி மனதில் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். நிதானமாக இரண்டு முறை படியுங்கள்.

உங்களுக்கு உரிய எண்கள்

0, 1, 2 போக, 3 முதல் 9 வரை உங்களுடையவை. திறப்பதும் மூடுவதும் எக்ஸெக் கட்டளையால்:

    எக்ஸெக் 3<பட்டியல்
    எக்ஸெக் 4>பதிவு
    எக்கோ "தொடங்கியது" >&4
    எக்ஸெக் 3<&- 4>&-

எண்ணுக்கும் குறிக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள். இடைவெளி விட்டால் 3 என்பது வால்வு எண்ணாக இல்லாமல் சாதாரணச் சொல்லாகிவிடும். எக்ஸெக் '3' என்ற புரோகிராமைத் தேடப் போகும்.

ஏன் 9-உடன் நிறுத்த வேண்டும்? போசிக்ஸ் ஒற்றை இலக்கத்துக்கு மட்டும்தான் உறுதி தருகிறது. 10>கோப்பு என்று டேஷில் எழுதினால் 10-ஐ அது எண்ணாகவே பார்ப்பதில்லை, சொல்லாகப் பார்க்கிறது. தவிர, 10-உம் அதற்கு மேலும் ஷெல்கள் தங்கள் சொந்த வேலைக்கு வைத்துக்கொள்ளும் இடம். பேஷ் 255-ஐப் பயன்படுத்துவதை நீங்களே பார்க்கலாம். பேஷ் 4.1-இலிருந்து, அடைப்புக்குறிக்குள் மாறியின் பெயரைக் கொடுத்தால் ஷெல்லே காலியான எண்ணைத் தேர்ந்து தரும். வசதிதான். ஆனால் டேஷிலும் மேக்கின் 3.2-இலும் அது கிடையாது.

எண்ணை மாறியில் வைக்க நினைப்பவர்களுக்கு: குறிக்கு வலப்பக்கம் மாறி வரலாம், >&$எண் என்பது எங்கும் வேலை செய்யும். இடப்பக்கம் வர முடியாது. இடப்பக்கத்தில் வெறும் இலக்கம்தான் இருக்க வேண்டும். தவிர்க்கவே முடியாவிட்டால் ஈவால் கட்டளைக்குள் வைத்து எழுதலாம். மாறிக்குள் இலக்கம் மட்டும்தான் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் பழக்கத்தையும் சொல்கிறேன். ஸ்கிரிப்டின் தலையிலேயே ஒரு குறிப்பு எழுதிவிடுவேன்: 3 பட்டியல், 4 பழைய வெளியீடு, 9 பூட்டு. ஆறு மாதம் கழித்து அதைத் திறக்கப் போகிற இன்னொருவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

பட்டியலைப் படிக்கும் சுற்று

பெரம்பூர்க் கணக்கைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வடிவம் இதுதான்:

    எண்ணிக்கை=0
    வைல் ஐஎஃப்எஸ்= ரீட் -ஆர் கடை <&3
    டூ
        எஸ்எஸ்ஹெச் "$கடை" கணக்கை-அனுப்பு >"$கடை.தரவு" 3<&- </டெவ்/நல்
        எண்ணிக்கை=$((எண்ணிக்கை+1))
    டன் 3<பட்டியல்

பட்டியல் 3-இல் வருகிறது. எஸ்எஸ்ஹெச்சின் உள்ளீடு 0; அதை /டெவ்/நல்லோடு இணைத்திருக்கிறோம். படித்தால் எப்போதும் காலி, எழுதினால் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் கோப்பு அது. இரண்டும் வேறு வேறு குழாய். அதற்கு மேலும் எஸ்எஸ்ஹெச் வரியில் 3<&- என்று எழுதி, அந்தப் புரோகிராமின் கையில் 3 போகாமலே தடுக்கிறோம். எஸ்எஸ்ஹெச்சுக்கு -என் என்ற தேர்வைக் கொடுத்தாலும் அது உள்ளீட்டைத் தொடாது. ஆனால் நாளைக்கு அதே சுற்றில் வீடியோ மாற்றும் எஃப்எஃப்எம்பெக் வரும், அதுவும் உள்ளீட்டைக் குடிக்கும். ஒவ்வொரு புரோகிராமின் குணத்தையும் நினைவில் வைப்பதைவிட, பட்டியலை 3-க்கு நகர்த்துவது ஒரே முறையில் தீரும் வேலை.

ரீட் -யூ 3 என்று எழுதுவது பேஷ், கார்ன் ஷெல் வழக்கம். போசிக்ஸ் 2018 பதிப்பில் அப்படி ஒரு தேர்வு இல்லை, டேஷுக்கும் தெரியாது. <&3 எல்லாருக்கும் தெரியும்.

பட்டியலை கேட் கட்டளையிலிருந்து பைப் வழியாகச் சுற்றுக்குள் விடுவதும் பலர் கைப்பழக்கம். பெரும்பாலான ஷெல்களில் பைப்பின் வலப்பக்கம் ஒரு துணை ஷெல்லில், அதாவது தனியாகக் கிளம்பும் ஷெல் நகலில் ஓடும். உள்ளே கூட்டிய எண்ணிக்கை வெளியே வந்ததும் மறுபடி 0 ஆகிவிடும். மேலே உள்ள வடிவத்தில் எண்ணிக்கை தங்கும். சுற்று முடிந்ததும் அதைப் பட்டியலின் வரி எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் 1 என்ற எண்ணோடு வெளியேறுங்கள். நான் அன்று எழுதாமல் விட்டது அந்த ஒப்பீடுதான்.

திறந்திருக்கிறதா என்று கேட்பது

இனிமேல் சொல்வதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். உங்கள் ஸ்கிரிப்டை இன்னொரு ஸ்கிரிப்ட் அழைக்கிறது. அது 3-ஐத் திறந்து கொடுத்திருந்தால் விவரங்களை அங்கே எழுத வேண்டும். இல்லாவிட்டால் எழுதக் கூடாது. 3 திறந்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

'இந்த எண் திறந்திருக்கிறதா' என்று நேராகக் கேட்கும் கட்டளை போசிக்ஸில் இல்லை. ஒரு நகல் எடுத்துப் பார்க்கிறோம். எடுக்க முடிந்தால் திறந்திருக்கிறது. ஒன்றுமே செய்யாத கட்டளையான முக்காற்புள்ளியோடு இதைச் சேர்த்து எழுதுவார்கள்:

    : >&3 2>/டெவ்/நல்

இதில் இரண்டு தவறுகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, இடமிருந்து வலம். 3 மூடியிருந்தால் >&3 தோற்கும்போதே பிழைச் செய்தி வந்துவிடும்; 2-ஐ /டெவ்/நல்லுக்குத் திருப்பும் இடத்துக்கு ஷெல் இன்னும் வரவே இல்லை.

இரண்டாவது பெரியது. முக்காற்புள்ளி ஒரு 'சிறப்பு உள்கட்டளை'. எக்ஸெக், ஈவால், எக்ஸிட், செட், ஷிஃப்ட், ட்ராப் போன்ற 15 கட்டளைகளை போசிக்ஸ் அப்படி வகைப்படுத்துகிறது. அவற்றின் திருப்பிவிடுதல், அதாவது >, < குறிகளால் எண்ணை இணைப்பது தோற்றால், ஸ்கிரிப்ட் ஓட்டும் ஷெல் அந்த இடத்திலேயே வெளியேற வேண்டும் என்பது விதி. டேஷ் இந்த விதியைக் கடைப்பிடிக்கிறது. நீங்கள் கேள்வி கேட்டீர்கள். பதில் 'இல்லை' என்று வரவேண்டிய இடத்தில் ஸ்கிரிப்டே செத்துவிடுகிறது. இஃப் உள்ளே வைத்தாலும் அதே கதிதான். பேஷ் தன் வழக்கமான முறையில் இந்த விதியைப் பின்பற்றுவதில்லை. அதனால் லேப்டாப்பில் உங்களுக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் அதே பேஷை எஸ்ஹெச் என்ற பெயரில் அழைத்தால் அது போசிக்ஸ் முறைக்கு மாறி, அதுவும் வெளியேறும்.

சரியான வடிவம்:

    இஃப் ( : >&3 ) 2>/டெவ்/நல்
    தென்
        எக்கோ "கடை: $கடை" >&3
    ஃபை

வளைவடைப்பு ஒரு துணை ஷெல்லைக் கிளப்புகிறது. வெளியேற்றம் நடந்தால் அந்தத் துணை ஷெல் மட்டும் வெளியேறும். அதன் தோல்வி எண் இஃப்புக்கு வந்து சேரும். பிழைச் செய்தியை அடக்குவது அடைப்புக்கு வெளியே இருப்பதால் சரியான நேரத்தில் நடக்கிறது. நெளிவடைப்பு போட்டால் துணை ஷெல் கிடையாது, ஆகவே பாதுகாப்பும் கிடையாது. வளைவடைப்புதான் வேண்டும்.

முக்காற்புள்ளிக்குப் பதில் ட்ரூ கட்டளையையும் பயன்படுத்தலாம். அது சிறப்பு உள்கட்டளை அல்ல; திருப்பிவிடுதல் தோற்றாலும் ஷெல் வெளியேறாது. எனக்கு வளைவடைப்பே பிடிக்கும். படிப்பவருக்கு 'இங்கே ஒரு சோதனை நடக்கிறது' என்பது பார்த்ததும் தெரிகிறது. ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்குள் இதை வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் துணை ஷெல் கிளப்ப நேரம் பிடிக்கும். தொடக்கத்தில் ஒரு முறை கேட்டு, பதிலை மாறியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை எதைச் சொல்லாது என்பதும் முக்கியம். திறந்திருக்கிறது என்பதாலேயே எழுத முடியும் என்று ஆகாது. டிஸ்க் நிரம்பியிருக்கலாம், பைப்பின் மறுமுனையில் ஆள் இல்லாமல் போயிருக்கலாம். எக்கோ அல்லது பிரிண்ட்எஃப் திருப்பித் தரும் எண்ணைப் பார்த்தால்தான் அது தெரியும். லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்று ஒரு கோப்பு உண்டு. எதை எழுதினாலும் 'இடமில்லை' என்று மறுக்கும். உங்கள் ஸ்கிரிப்டின் வெளியீட்டை அதற்கு அனுப்பிப் பாருங்கள். 0 என்று சொல்லி முடிந்தால் ஸ்கிரிப்ட் பொய் சொல்கிறது.

திசையும் இதில் வராது. படிப்பதற்கு மட்டும் திறந்த எண்ணுக்கு >&3 தோற்க வேண்டும் என்று தரம் சொன்னாலும், டேஷும் பேஷும் திசையைப் பார்ப்பதில்லை, நகல் எடுத்துவிடும். ஆகவே ஓர் எண்ணை ஒரு திசைக்கே ஒதுக்குங்கள். ஸ்கிரிப்டின் பாதியில் 3-ஐ வாசிப்பிலிருந்து எழுத்துக்கு மாற்றாதீர்கள்.

கோப்பையே திறக்க முடியாமல் போவதும் இதே குடும்பத்துச் சிக்கல். எக்ஸெக்கும் சிறப்பு உள்கட்டளை. பட்டியல் கோப்பு இல்லையென்றால் எக்ஸெக் 3<பட்டியல் என்ற வரியில் டேஷ் வெளியேறிவிடும். அதன் பின்னால் 'அல்லது' குறி போட்டு எழுதிய செய்தி வரவே வராது. முன்னால் கமாண்ட் என்ற சொல்லைச் சேர்த்தால் சிறப்புத்தன்மை நீங்கும்:

    கமாண்ட் எக்ஸெக் 3<பட்டியல் || {
        எக்கோ "பட்டியல் கோப்பைத் திறக்க முடியவில்லை" >&2
        எக்ஸிட் 1
    }

0, 1, 2 திறந்திருக்கின்றனவா?

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான், சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டி, வேறொரு புரோகிராம் என்று யார் வேண்டுமானாலும் உங்கள் ஸ்கிரிப்டை அழைக்கலாம். அழைப்பவர் 0, 1, 2-இல் ஏதாவது ஒன்றை மூடிவிட்டே அனுப்பக்கூடும். அப்போது என்ன ஆகும்? புதிதாகத் திறக்கும் கோப்புக்கு, காலியாக உள்ளவற்றில் மிகச் சிறிய எண்ணைக் கொடுப்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் விதி. 2 மூடிக் கிடக்கும்போது நீங்கள் கூப்பிடும் புரோகிராம் ஒரு தரவுக் கோப்பைத் திறந்தால், அந்தக் கோப்புக்கு 2 கிடைக்கலாம். அதன் பிறகு வருகிற பிழைச் செய்தியெல்லாம் தரவுக்கு நடுவே போய் உட்காரும். அதனால் இந்த மூன்றையும் நீங்களாக மூடாதீர்கள். வேண்டாம் என்றால் /டெவ்/நல்லுக்குத் திருப்புங்கள்.

மூடியே வந்திருந்தால் சரிசெய்ய, ஸ்கிரிப்டின் தலையில் மூன்று வரி:

    ( எக்ஸெக் 3>&0 ) || எக்ஸெக் 0</டெவ்/நல்
    ( எக்ஸெக் 3>&1 ) || எக்ஸெக் 1>/டெவ்/நல்
    ( எக்ஸெக் 3>&2 ) || எக்ஸெக் 2>/டெவ்/நல்

மென்பொருளை நிறுவும் முன் கணினியைச் சோதிக்க ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கித் தரும் கன்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் இதே உத்தியைத்தான் கையாளுகின்றன. இரண்டு நுணுக்கங்களைக் கவனியுங்கள். முன்பு போல : >&1 என்று ஏன் எழுதவில்லை? >&1 என்றால் 1-ஐ 1-க்கே நகல் எடுப்பது. டேஷ் 'அதுவும் இதுவும் ஒன்றுதானே' என்று அதைத் தாண்டிப் போய்விடும். மூடியிருந்தாலும் வெற்றி என்றே சொல்லும். வேறோர் எண்ணுக்கு நகல் எடுத்தால்தான் சோதனை உண்மையில் நடக்கும். அடுத்தது, இங்கே அடைப்புக்கு வெளியே 2>/டெவ்/நல் ஏன் இல்லை? போட்டால், மூன்றாவது வரியில் 2-ஐ நாமே திறந்துவிட்டு 'திறந்திருக்கிறதா' என்று கேட்டதாகிவிடும். பதில் எப்போதும் 'ஆம்'. 0 அல்லது 1 மூடியிருந்தால் ஒரு பிழை வரி தெரியும். தெரியட்டும், அழைத்தவருக்கு அது பயனுள்ள செய்திதான்.

திரையா, கோப்பா?

வண்ணத்தில் எழுதலாமா, 'தொடரவா?' என்று கேட்கலாமா என்பதைத் தீர்மானிக்க:

    இஃப் [ -டி 1 ]

இது 1 டெர்மினலோடு இணைந்திருந்தால் உண்மை. கோப்பு, பைப், மூடிய எண் எல்லாவற்றுக்கும் பொய். எண்ணை விட்டுவிடாதீர்கள். [ -டி ] என்று மட்டும் எழுதினால், அடைப்புக்குள் இருப்பது வெறுமையல்லாத ஒரு சொல் என்பதால் எப்போதும் உண்மையாகிவிடும். $( ) உள்ளே 1 எப்போதும் டெர்மினல் அல்ல; அங்கே தேவைப்பட்டால் முன்கூட்டியே எக்ஸெக் 4>&1 என்று நகல் எடுத்து வைத்து, உள்ளே 4-ஐக் கேளுங்கள்.

கேள்வி கேட்கும் இடத்தில் 0-ஐயும் பார்க்க வேண்டும். கிரானில் பதில் சொல்ல யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

கூடவே போகும் எண்கள்

எக்ஸெக்கால் திறந்த எண், டேஷிலும் பேஷிலும், நீங்கள் கூப்பிடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் கூடவே போகும். இது எங்கே கடிக்கும் என்றால் பூட்டில். ஒரே நேரத்தில் இரண்டு பேக்கப் ஓடக் கூடாது என்று 9-ஐப் பூட்டுக் கோப்புக்குத் திறந்து ஃப்ளாக் கட்டளையால் பூட்டுகிறோம். ஸ்கிரிப்ட் நடுவில் ஒரு புரோகிராமைப் பின்னணியில் கிளப்புகிறது. ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது, பின்னணி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கையில் 9 இன்னும் திறந்தே இருப்பதால் பூட்டு விடுபடவில்லை. அடுத்த இரவு பேக்கப் 'இன்னொன்று ஓடுகிறது' என்று திரும்பிப் போய்விடும். பின்னணிக்கு அனுப்பும் வரியில் 9>&- என்று சேர்த்தால் தீர்ந்தது. ஃப்ளாக் லினக்ஸின் சொத்து, மேக்கில் தானாக வராது. எங்கும் ஓட வேண்டுமென்றால் எம்கேடிஐஆர் கட்டளையால் ஓர் அடைவை உருவாக்கிப் பூட்டாக வையுங்கள். இருக்கிற அடைவை மறுபடி உருவாக்க முடியாது என்பதே பூட்டு.

கார்ன் ஷெல் இதற்கு நேர் எதிர். எக்ஸெக்கால் திறந்த, 2-க்கு மேற்பட்ட எண்களை அது வெளிப்புரோகிராமுக்குக் கொடுக்காது. போசிக்ஸ் இரண்டையும் அனுமதிக்கிறது. ஆகையால் கொடுக்க வேண்டிய எண்ணை அந்த வரியிலேயே 3>&3 என்று எழுதிக் கொடுங்கள், கூடாததை அந்த வரியிலேயே மூடுங்கள்.

/டெவ்/எஃப்டி/3 இருக்கிறதா என்று பார்ப்பது எளிதாயிற்றே என்று கேட்பீர்கள். அது போசிக்ஸில் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் தனியாக மவுன்ட் செய்யாவிட்டால் 0, 1, 2 மட்டுமே அங்கே தென்படும். லினக்ஸிலோ அதைத் திறந்தால் நகல் கிடைக்காது, கோப்பு புதிதாகத் திறக்கும். படித்த இடம் மறந்து மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும். சோதனைக்கு அதை நம்பாதீர்கள்.

பிழையை மட்டும் வடிகட்ட

பைப் 1-ஐ மட்டுமே எடுத்துச் செல்லும். பிழைச் செய்திகளை மட்டும், வரிகளில் சொல் தேடும் கிரெப்புக்கு அனுப்ப வேண்டுமென்றால் 1-ஐயும் 2-ஐயும் இடம் மாற்ற வேண்டும். ஒரு டம்ளரில் காபி, இன்னொன்றில் டீ. மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டும்:

    கட்டளை 3>&1 1>&2 2>&3 3>&- | கிரெப் "மறுப்பு"

ஓட்டிப் பார்க்கும் முறை

எழுதி முடித்ததும் நான்கு ஷெல்லில் ஓட்டுங்கள்: டேஷ், பேஷ், பேஷ் --போசிக்ஸ், பிஸிபாக்ஸ் எஸ்ஹெச். ஒவ்வொன்றிலும் ஐந்து விதமாக: சாதாரணமாக ஒரு முறை; பின்னால் 3>&- சேர்த்து ஒரு முறை; <&- சேர்த்து ஒரு முறை; 2>&- சேர்த்து ஒரு முறை; >/டெவ்/ஃபுல் சேர்த்து ஒரு முறை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு எக்கோ $? என்று தட்டி எண்ணைப் பாருங்கள். சோதித்துப் பார்க்கும் வரைக்கும் ஸ்கிரிப்டுக்குள் இருக்கும் 2>/டெவ்/நல் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். எந்த வரி முணுமுணுக்கிறது என்று அப்போதுதான் காதில் விழும். பட்டியல் கோப்பில் குறைந்தது மூன்று வரி வைத்துச் சோதியுங்கள். நான் அன்று ஒரே ஒரு வரி வைத்து, அடையாறு மட்டும் போட்டுச் சோதித்திருந்தேன்.